பழைய ஜிபிஎஸ், பழைய லேப்டாப், நடுவுல ஒரு வயரு

எங்க சித்தப்பா விசைப்படகுல 1998ல வாங்குன கார்மின் கம்பெனி ஜிபிஎஸ் ஒண்ணு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, கையில பிடிக்கிற சைஸ், கருப்பு வெள்ளை ஸ்கிரீன். வாங்குன அன்னைக்குக் காட்டுனதை விட இன்னைக்குத்தான் அது துல்லியமா காட்டுதுன்னா நம்ப மாட்டீங்க. 2000 மே தொடக்கம் வரைக்கும் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கு விடுற சிக்னல்ல வேணும்னே தப்பைக் கலந்து விட்டாங்க, 100 மீட்டர் வரைக்கும் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும், அதை நிறுத்துன ராத்திரியே உலகத்துல இருந்த அத்தனை பழைய ஜிபிஎஸ்ஸும் ஒத்தப் பைசா செலவில்லாம திருந்திருச்சு.

அதனால அதைத் தூக்கிப் போட மனசு வரல. ஆனா அந்தக் குட்டி ஸ்கிரீன்ல நம்பரைப் பார்த்து பேப்பர் சார்ட்ல, அதாவது கடல் வரைபடத்துல, புள்ளி வைக்கிறது இருக்கே, வயசான கண்ணுக்கு அது தண்டனை. அதான் லேப்டாப்ல மாட்டுவோம்னு இறங்குனேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இடத்தைக் கண்டுபிடிக்கிற வேலையில லேப்டாப்புக்குப் பங்கே கிடையாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற சாட்டிலைட்டுல குறைஞ்சது நாலு அனுப்புற நேரக்குறிப்பை வாங்கி, எது எவ்வளவு லேட்டா வந்துச்சுன்னு கணக்குப் போட்டு, அட்சரேகை தீர்க்கரேகை எடுக்கிறதெல்லாம் ஜிபிஎஸ்ஸோட வேலை. எடுத்ததை அது வயர் வழியா வாய்விட்டு சொல்லிக்கிட்டே இருக்கும், லேப்டாப் காது குடுத்துக் கேட்டு மேப்ல படகைப் போடும், அவ்வளவுதான். நெட்டும் வேண்டாம், சிம்மும் வேண்டாம்.

அது பேசுற பாஷைக்குப் பேரு என்எம்இஏ 0183, பிறந்த வருஷம் 1983. சாதாரண எழுத்துதான், நோட்பேட்ல கூட படிக்கலாம். ஒவ்வொரு வரியும் டாலர் குறியில ஆரம்பிக்கும், நமக்கு வேண்டிய வரியில கமா போட்டு கமா போட்டு நேரம், இடம், நாட் கணக்குல (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம், போற திசை, தேதின்னு வரிசையா வரும், கடைசியில ஒரு நட்சத்திரக் குறியும் ரெண்டு எழுத்தும் இருக்கும். அந்த ரெண்டு எழுத்து வரி நடுவழியில கெட்டுப்போகாம வந்துச்சான்னு சரிபார்க்க. நேரத்துக்கு அப்புறம் ஒத்தை எழுத்து ஒண்ணு வரும், 'ஏ'ன்னா இடம் கிடைச்சிருக்கு, 'வி'ன்னா இன்னும் தேடிக்கிட்டிருக்கு, அதை நம்பாதேன்னு அர்த்தம். நேரம் கிரீன்விச் கணக்குல இருக்கும், நம்ம அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும்.

வயர்ல இந்த எழுத்து போற வேகம் நொடிக்கு 4800 பிட். ஒரு எழுத்துக்கு 10 பிட் போகும், அப்ப நொடிக்கு 480 எழுத்து. இன்னைக்கு ஒரு போட்டோவை இந்த வேகத்துல அனுப்புனா மணிக்கணக்கா ஆகும், ஆனா 10 நாட்ல போற படகு ஒரு நொடியில நகர்றதே 5 மீட்டர்தான், அதைச் சொல்ல இது தாராளம்.

இப்ப வயரு. ஜிபிஎஸ் பேசி லேப்டாப் கேக்குறதுக்கு ரெண்டே கம்பி போதும், ஜிபிஎஸ்ஸோட டேட்டா அவுட் 9 பின் பிளக்ல ரெண்டாவது பின்னுக்கு, கிரவுண்ட் அஞ்சாவது பின்னுக்கு. வேபாயின்ட்டை, அதாவது குறிச்சு வெச்ச இடங்களை, லேப்டாப்ல இருந்து ஜிபிஎஸ்ஸுக்கு ஏத்தணும்னா மட்டும் மூணாவது கம்பி. இப்ப வர்ற லேப்டாப்ல அந்த 9 பின் ஓட்டையே இல்ல, யூஎஸ்பி அடாப்டர் வாங்கணும், நான் ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டது இங்கதான். கடையில அடாப்டர் ரெண்டு வகை இருக்கு, ஆர்எஸ்-232 ஒண்ணு, டிடிஎல் ஒண்ணு, 1, 0 ரெண்டையும் வயர்ல வோல்டேஜா காட்டுற ரெண்டு முறை. டிடிஎல்ல 1ன்னா வோல்டேஜ் இருக்கு, 0ன்னா இல்ல. ஆர்எஸ்-232ல தலைகீழ், 1ன்னா நெகட்டிவ் வோல்ட், 0ன்னா பாசிட்டிவ். பழைய கையடக்க ஜிபிஎஸ் பேசுறது ஆர்எஸ்-232 முறையில, நான் வாங்கிட்டு வந்தது டிடிஎல், ஒவ்வொரு பிட்டும் தலைகீழா விழுந்து ஸ்கிரீன் பூரா குப்பை எழுத்து. வேகத்தை 9600, 19200ன்னு மாத்தி மாத்திப் பார்த்தேன், வேகத்துல தப்பே இல்லாதப்ப என்ன ஆகும்?

சரியான அடாப்டர் வந்தப்புறம் அடுத்த கூத்து, எழுத்தே வரல. ஜிபிஎஸ் மெனுவுல இன்டர்ஃபேஸ்னு ஒண்ணு இருக்கு, அது கம்பெனியோட சொந்த பாஷையில இருந்தா நம்ம கேட்டாத்தான் பேசும், என்எம்இஏன்னு மாத்துனாத்தான் தானா பேச ஆரம்பிக்கும். மாத்துனேன், பேசுச்சு, சந்தோஷமா லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணா மவுஸ் அம்பு பேய் பிடிச்ச மாதிரி ஓடுது, தானா கிளிக் ஆகுது! வைரஸ்னு நினைச்சுட்டேன். விண்டோஸ் எந்திரிக்கும்போது சீரியல் போர்ட்ல, அதான் அந்த அடாப்டர் வழியில, ஏதோ பேச்சு கேக்கவும், பழைய காலத்து சீரியல் மவுஸ்னு முடிவு பண்ணிருச்சு. டிவைஸ் மேனேஜர்ல அந்தப் போலி மவுஸை டிசேபிள் பண்ணணும், அன்இன்ஸ்டால் பண்ணா திரும்ப வந்துரும். இல்லன்னா லேப்டாப் முழுசா ஆன் ஆனப்புறம் வயரைச் சொருகணும்.

மேப்புக்கு ஓப்பன்சிபிஎன்னு ஒரு சாஃப்ட்வேர், இலவசம். கனெக்‌ஷன்ல போர்ட் நம்பரும் 4800ம் குடுத்தா படகு வந்து உக்காந்துரும். சார்ட் தனியா வாங்கணும், நம்ம கடலுக்கு டேராடூன்ல இருக்குற தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம் போடுறது.

சொந்தமா புரோகிராம் எழுதுறவங்க விழுற குழி ஒண்ணு இருக்கு. ராமேஸ்வரம் பக்கம் அட்சரேகை 0917.280னு வரும். இது 9.1728 டிகிரி கிடையாது, 9 டிகிரி 17.28 நிமிஷம், அதாவது 9.288. தப்பாப் படிச்சா படகு 7 கடல் மைல் தெக்க போய் நிக்கும். பாக் நீரிணையில ஏழு மைல்னா என்னன்னு அந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அதே மாதிரி ஜிபிஎஸ்ல மேப் டேட்டம், அதாவது பூமியோட எந்த அளவை வெச்சு அட்சரேகை தீர்க்கரேகை போடுறதுங்கிற செட்டிங், டபிள்யூஜிஎஸ் 84ல இருக்கான்னு பாருங்க, யாராவது எப்பவோ பழைய இந்திய டேட்டத்துக்கு மாத்தி வெச்சிருந்தா 100 மீட்டருக்கு மேல தள்ளிக் காட்டும்.

தேதி மட்டும் தப்பா வரும், பயப்படாதீங்க. ஜிபிஎஸ் வாரத்தை 10 பிட்ல எண்ணுது, 1024 வாரம் ஆனா மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்ட்ல ஒரு தடவை, 2019 ஏப்ரல்ல இன்னொரு தடவை சுத்திருச்சு, அதனால நிறைய பழைய கருவிங்க கிட்டத்தட்ட 20 வருஷம் பின்னாடி வாழுதுங்க. இடம் சரியாவே இருக்கும். ஜிபிஎஸ்ஸைப் பார்த்து லேப்டாப் கடிகாரத்தை மாத்துற செட்டிங்கை மட்டும் ஆஃப் பண்ணி வைங்க.

கடலுக்குப் போறதுக்கு முன்னாடி படகைக் கட்டிப் போட்டுட்டே பாருங்க. மேப்ல படகு ஜெட்டி ஓரமா நிக்கணும், வேகம் பூஜ்யத்தை ஒட்டி ஆடணும். திசை முள் கண்டபடி சுத்தும், அது ரிப்பேர் இல்ல, ஜிபிஎஸ் நகர்ந்தாத்தான் எந்தப் பக்கம் போறோம்னு அதுக்குத் தெரியும், நின்ன படகு மூஞ்சி எந்தப் பக்கம்னு சொல்ல திசைகாட்டிதான் வேணும், சித்தப்பா அதைக் கழட்ட விடல.