நிறைந்த வயிற்றில் பாயசத்துக்கு ஏது இடம்?

கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை சோறு வரும்போது இலையைக் கையால் மறைத்து "போதும், போதும்" என்கிறோம். பின்னாலேயே பாயச வாளி வந்தால் அதே கை தானாக விலகிக்கொள்கிறது. "எனக்கு மட்டும்தான் இப்படியா?" என்று ஒரு வாசகர் கூச்சத்தோடு கேட்டிருந்தார். கவலை வேண்டாம், பந்தி முழுக்க உங்கள் கட்சிதான்.

சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை குறைவதால்தான் இந்த ஆசை என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. அவ்வளவு சோறு உள்ளே போயிருக்கிறது. அந்த நேரத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

பாதி விடை திகட்டலில் இருக்கிறது. ஒரே உணவைத் தொடர்ந்து தின்னத் தின்ன அதன்மீதுள்ள ஆசை வடிகிறது. தொடாத உணவின் மீதான ஆசை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இதை 1981-இல் உணவுப் பழக்க ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் குழுவினர் சோதித்துக் காட்டினார்கள். பாயசம் திகட்டினால் ஊறுகாயை லேசாக நக்கிவிட்டு மறுபடி தொடங்கும் நம் ஆட்களுக்கு இது பழைய செய்தி.

சரி, மாறுதல்தான் வேண்டுமென்றால் அந்த நேரத்தில் ஒரு போண்டா வந்தாலும் கை விலக வேண்டுமே? இங்கேதான் மீதிப் பாதி.

பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் பி.ஓ.எம்.சி. என்ற நரம்பணுக்கள் உண்டு. அந்தப் பெயர் அவை தயாரிக்கும் ஒரு நீளமான புரதத்தின் பெயர். முருங்கைக்காயை நறுக்குவதுபோல நொதிகள் அதைத் துண்டு போடுகின்றன. ஆனால் துண்டுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு துண்டு "வயிறு நிறைந்தது, நிறுத்து" என்கிறது. இன்னொரு துண்டு பீட்டா எண்டார்ஃபின், உடம்பே தயாரிக்கும் மார்ஃபின் மாதிரி, சுகம் தருவது. 2025-இல் ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தினர், வயிறு நிறைந்த எலிக்குச் சர்க்கரை தந்தபோது இதே அணுக்கள் மூளையின் நடுவிலுள்ள தலாமஸின் ஒரு பகுதியில் எண்டார்ஃபினை விடுவிப்பதைக் கண்டார்கள். வாயில் வைக்கும் முன்பே, சர்க்கரை இருப்பதை உணர்ந்ததுமே அது தொடங்கிவிடுகிறது. அதாவது, "போதும்" என்று சொல்கிற அதே ஆள்தான் "கொஞ்சம் பாயசம் மட்டும்" என்றும் சொல்கிறான்!

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். எண்டார்ஃபின் வேலை செய்யும் அந்த வழியை அடைத்ததும் வயிறு நிறைந்த எலிகள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. பசித்த எலிகளிடம் மாற்றமே இல்லை. ஆக இது பசிக்கான பாதையே அல்ல, பந்தி முடிவுக்கென்றே போட்ட தனிப் பாதை. குழாய் வழியே சர்க்கரைக் கரைசல் குடித்த மனிதர்களை ஸ்கேன் செய்தபோதும் மூளையின் அதே பகுதி அசைந்து கொடுத்தது. காட்டில் சர்க்கரை அபூர்வம். கிடைத்தபோது விடாதவன் பிழைத்திருப்பான் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

எலிக்கு இனிப்பு ஊட்டவா வரிப்பணம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எண்டார்ஃபின் அமரும் இடங்களை அடைக்கும் நால்ட்ரெக்சோன், இன்னொரு மருந்தோடு சேர்ந்து அமெரிக்காவில் உடல் பருமனுக்கு ஏற்கெனவே தரப்படுகிறது. அது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இந்த எலிகளை விட்டால் வேறு வழி? என்னைக் கேட்டால், இன்னும் நாலு கூண்டு வாங்கித் தரலாம்.