ஓடாய்த் தேய்வது ஏன்?

எங்கள் ஊர் ஏரியின் வரத்துக்கால்வாயை மீட்க வேண்டும் என்று கிளம்பியபோது நாங்கள் பதினோரு பேர். இரண்டாம் ஆண்டு முடிவில் மனு கொடுக்க வரிசையில் நின்றது மூன்று பேர்தான். முதலில் விலகியவர், எங்களில் மிகத் தீவிரமாக இருந்தவர். விடியற்காலையில் அளவுநாடாவோடு கரையில் நடந்து, ஆக்கிரமிப்பை அடி அடியாக நோட்டில் குறித்தவர். “ஏரி என்ற பேச்சை எடுத்தாலே வயிற்றைப் பிசைகிறது அண்ணா” என்றார். அவருக்கு அக்கறை குறைந்துவிட்டது என்று சிலர் பேசியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அக்கறை மிகுந்தவர்களே முதலில் சாய்கிறார்கள் என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி நியூயார்க் சேர்ந்த உளவியலாளர். பகலில் தன் ஆலோசனை அறையில் வேலை. மாலையில் செயின்ட் மார்க்ஸ் இலவச மருத்துவ நிலையம். வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். கூட இருந்தவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஏறத்தாழ ஓராண்டில் அவர்களிடம் ஒரு மாற்றம் தெரிவதை அவர் கவனித்தார்: தலைவலி, தூக்கமின்மை, சட்டென்று மூக்குக்கு மேல் வரும் கோபம், எவரையும் நம்பாத மனம். 1974இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ‘பர்ன் அவுட்’, அதாவது எரிந்து தீர்தல், என்று பெயரிட்டார். அவரும் தப்பவில்லை. ஒரு கட்டத்தில் தானே விழுந்தார். தன் நிலையை ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, நோயாளி ஒருவரின் குரலைக் கேட்பதுபோலத் திரும்பக் கேட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு அளித்த விளக்கத்தில் மூன்று கூறுகள் உள்ளன. சக்தி வற்றிப்போவது, வேலையின் மீது கசப்பு வருவது, ‘நான் செய்து என்ன ஆகப்போகிறது’ என்று தோன்றுவது. முதலாவதற்கு ஓய்வும் தூக்கமும் மருந்து, அதில் சமரசமே கூடாது. ஆனால் சமூக மாற்றத்துக்கு உழைப்பவர்களை மூன்றாவதுதான் அரிக்கிறது. விழலுக்கு இறைத்த நீர் என்ற எண்ணம் பத்து நாள் விடுப்பில் போய்விடாது.

அந்த எண்ணம் மூளையில் எப்படி உருவாகிறது? 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மேயரும் ஒரு சோதனை செய்தார்கள். படிக்கவே மனம் வலிக்கும் சோதனை அது. இரண்டு குழு நாய்களுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி. ஒரு குழுவில் உள்ள நாய் தலையால் ஒரு பலகையைத் தள்ளினால் அதிர்ச்சி நின்றுவிடும். மற்றக் குழுவில் உள்ளது என்ன செய்தாலும் நிற்காது. ஆக, இரண்டு குழுவும் பட்ட வலி ஒன்றே. பிறகு, தாண்டிக் குதித்தால் தப்பிவிடக்கூடிய ஒரு பெட்டியில் விட்டபோது, பலகையைத் தள்ளிப் பழகிய நாய்கள் குதித்துத் தப்பின. மற்றவற்றில் பெரும்பாலானவை முயலாமல் படுத்துக்கொண்டன. கையறுநிலையை அவை ‘கற்றுக்கொண்டன’ என்று பாடநூல்கள் எழுதின.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அந்த இருவருமே அதைத் திருத்தினார்கள். மேயர் கொலராடோவில் எலிகளை வைத்துப் பல ஆண்டுகள் செய்த ஆய்வு, கதையைத் தலைகீழாக்கியிருந்தது. வேதனை நீடித்தால், மூளைத்தண்டில் உள்ள டார்சல் ராஃபே என்ற சிறு பகுதி செரடோனின் என்ற வேதிப்பொருளைப் பெருமளவு சுரக்கச் செய்து, உடலை முடங்க வைக்கிறது. இதற்குப் பயிற்சி தேவையில்லை, இது பிறவியிலேயே உள்ளது. கற்றுக்கொள்ளப்படுவது இதற்கு நேர்மாறான ஒன்று. எலிகளுக்குப் பலகைக்குப் பதில் ஒரு சக்கரம். ‘நான் சக்கரத்தைச் சுழற்றினேன், அதனால் அதிர்ச்சி நின்றது’ என்பதை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி கண்டுகொள்ளும்போது, அது ராஃபேக்குக் கடிவாளம் போடுகிறது. ஒருமுறை அந்தக் கட்டுப்பாட்டை அனுபவித்த எலி, பிறகு தடுக்கவே முடியாத அதிர்ச்சிக்கு ஆளானபோதும் முடங்கவில்லை. அம்மைத் தடுப்பூசி போல அந்தப் பழைய அனுபவம் காத்தது.

எலியிலிருந்து மனிதருக்குத் தாவும்போது கவனம் வேண்டும். ஆனாலும் இதைப் படித்தபின் என் நண்பரின் விலகலை நான் மனவலிமைக் குறைவு என்று எண்ணவே முடியாது. இரண்டு ஆண்டுகள் அவர் தள்ளிய எந்தப் பலகையும் எதையும் நிறுத்தவில்லை.

1984இல், அமைப்புகள் இயங்கும் விதத்தை ஆராய்ந்த கார்ல் வைக் என்ற அறிஞர் ‘சிறு வெற்றிகள்’ பற்றி எழுதினார். பிரச்சினையை மலையளவாகச் சொல்லச் சொல்ல, பதற்றம் ஏறி யோசிக்கும் திறன் குறைகிறது என்பது அவர் வாதம். அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் வகைப்பாட்டில், தன்பால் ஈர்ப்பாளர் உரிமை இயக்கத்தைப் பற்றிய நூல்கள் ‘இயல்புக்கு மாறான பாலுறவு’ என்ற தலைப்பின் கீழ், பாலியல் குற்றங்களோடு சேர்ந்து கிடந்தன. நூலகர்களில் ஒரு சிறு குழு விடாமல் கேட்டது. 1972இல் அந்த நூல்களுக்கென்று எச்.கியூ. 76.5 என்ற புதிய எண் பிறந்தது. சட்டம் எதுவும் மாறவில்லை, நூலின் முதுகில் ஒட்டும் சீட்டு மாறியது. ஆனால் அது முழுமையாக முடிந்த வேலை. யார் கையால் முடிந்தது என்பதும் தெரிந்தது. முன்மூளை கேட்பது இந்த இரண்டைத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது எங்கள் நோட்டில் பக்கத்துக்கு நடுவே ஒரு கோடு கிழித்திருக்கிறோம். இடப்பக்கம் மற்றவர் முடிவுக்குக் காத்திருப்பவை. வலப்பக்கம் எங்கள் கையாலேயே இந்த மாதம் முடியக்கூடியவை. வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்த மாதம் புதிய மனு எழுதுவதில்லை. சென்ற முறை அங்கே இருந்தது ஒரே வரி: மேற்கு மதகின் வாயில் அடைத்திருக்கும் கருவேல முள்ளை அகற்றுவது. ஏழு பேர் வந்தார்கள், மதியத்துக்குள் முடிந்தது. அந்த நண்பரும் வந்திருந்தார். அகற்றும் முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு படங்கள் எடுத்து, தேதி போட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டார். மனு வரிசைக்கு அவரை நாங்கள் இன்னும் கூப்பிடவில்லை.