மூலபாஷையில் என்றதும் வளையலைக் கழற்றாதீர்கள்

வேதாகமக் கல்லூரியில் எபிரெயம் கற்றுக்கொடுக்கிறேன். சமீபத்தில் ஒரு சகோதரி கேட்டார்: "ஐயா, ஓட்சார் என்றால் தேவன் நம் பேரில் போட்டு வைத்திருக்கும் பேங்க் டெபாசிட்தானே?" ஏதோ கூட்டத்தில், வேதாகமத்தின் மூலபாஷையான எபிரெயத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்களாம். நம்பி, வளையலை அடகு வைத்துக் காணிக்கை போட்டிருக்கிறார். வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. இதே கதையை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது?

ஓட்சார் என்றால் சேர்த்து வைத்தது, அல்லது சேர்த்து வைக்கும் இடம். அவ்வளவுதான். உள்ளே இருப்பது என்ன என்பதை வசனம்தான் சொல்ல வேண்டும். யோபு 38:22இல் உள்ளே இருப்பது பனியும் கல்மழையும். எரேமியா 50:25இல் ஆயுதங்கள். தமிழ் வேதாகமமும் அங்கே 'ஆயுதசாலை' என்றே போட்டிருக்கிறது. நீதிமொழிகள் 10:2இல் 'அநியாயத்தின் திரவியங்கள்' என்பதும் இதே சொல்தான். அதையும் ஆசீர்வாதம் என்பார்களா?

இதே சொல் வரும் உபாகமம் 28:12ஐ 'நல்ல பொக்கிஷசாலை' வரை வாசித்து நிறுத்திவிடுகிறார்கள். முழுசாக வாசியுங்கள்: 'பொக்கிஷசாலையாகிய வானத்தை'. திறந்தால் வருவது மழை! எகிப்தைப்போல ஆற்றுப் பாசனம் இல்லாமல், வானம் பார்த்து விதைத்த மக்களுக்குச் சொன்னது அது.

தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10 படும் பாடு இன்னும் மோசம். இங்கேயும் ஓட்சார்தான். அந்தப் 'பண்டசாலை' எருசலேம் ஆலயத்தின் களஞ்சியம். அங்கே வந்தது தானியம், திராட்சரசம், எண்ணெய் என்று நெகேமியா 13:12 சொல்கிறது. பங்கு கிடைக்காத லேவியர், அதாவது ஆலயப் பணியாளர்கள், தங்கள் வயலுக்கே ஓடிப்போயிருந்தார்கள். 'என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி' என்று மல்கியாவே காரணம் சொல்கிறார். ஆகாரம், ஐயா, ஆகாரம். அதைப் பங்கிட்டுக் கொடுக்க உண்மையுள்ள ஆட்களைப் பேர் சொல்லி நியமித்தார் நெகேமியா. அந்த 13ஆம் வசனத்தை மட்டும் மேடையில் யாரும் வாசிப்பதில்லை.

இன்றைய இஸ்ரேலில் நிதி அமைச்சகத்துக்கும் ஓட்சார் என்றுதான் பெயர். அங்கே வரி கட்டியவருக்கு ஏழு மடங்கு திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

சரி, இனி யாராவது 'மூலபாஷையில்' என்று ஆரம்பித்தால், எந்த வசனம் என்று கேளுங்கள். வீட்டுக்குப் போய் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். மொபைல் ஆப்பில் ஓட்சாருக்கான ஸ்ட்ராங் எண் (வேதாகம அகராதியில் அந்தச் சொல்லின் வரிசை எண்) 214ஐத் தட்டினால் வரும் பட்டியலில் பிடித்த அர்த்தத்தைப் பொறுக்காதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றுதான் பொருந்தும். எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு; ஓட்சாரின் எழுத்துகளைக் கூட்டினால் 297, இத்தனை ரூபாய் காணிக்கையாக விதையுங்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கடன் வாங்கிக் காணிக்கை போடவே போடாதீர்கள்.

ஏற்கெனவே அடகு வைத்தவர்களே, தயவுசெய்து வெட்கப்படாமல் வீட்டில் சொல்லுங்கள். வட்டி இன்னும் ஏறுவதற்குள் நகையை மீட்டுவிடுங்கள்.