மக்கள் பங்கேற்பு: ‘கம்யூனிட்டி எங்கேஜ்மென்ட்’டுக்கு எது சரியான தமிழ்?

பொதுச் சுகாதாரத் திட்ட அறிக்கை எதைப் புரட்டினாலும் ‘கம்யூனிட்டி எங்கேஜ்மென்ட்’, ‘கம்யூனிட்டி பார்ட்டிசிபேஷன்’ இரண்டில் ஒன்று கண்ணில் படும். தமிழுக்கு வரும்போது ஒரு பக்கத்தில் ‘சமூக ஈடுபாடு’ என்கிறோம். அடுத்த பக்கத்தில் ‘மக்கள் பங்களிப்பு’, ‘பொதுமக்கள் ஒத்துழைப்பு’, ‘சமுதாயப் பங்கேற்பு’ என்று கைக்கு அகப்பட்டதைப் போடுகிறோம். ஒரு பொருளுக்கு நாலு சொல் இருந்தால் மொழிக்கு வளம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த நாலும் ஒரே பொருளைத் தருபவை அல்ல.

முதலில் பொருள். ஒரு வட்டாரத்தில் வாழ்பவர்கள், தங்களை வாட்டும் நோய்க்கு என்ன காரணம், எதை முதலில் சரிசெய்வது, வருகிற பணத்தை எதில் போடுவது, செய்த வேலை பலன் தந்ததா என்ற முடிவுகளில் தாங்களும் ஒரு தரப்பாக இருப்பதுதான் இது. மருத்துவரும் அதிகாரியும் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கடைசியில் ஊரைக் கூட்டி மைக்கில் சொல்வது இதில் சேராது. அதற்கு ‘விழிப்புணர்வு’ என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. தேவைக்கு மேலேயே புழங்கியும் விட்டது.

இனி மூலம். பார்ட்டிசிபேஷன் லத்தீன் வழி வந்தது. ‘பார்ஸ்’ என்றால் பகுதி, பங்கு. ‘காபெரே’ என்றால் எடுத்துக்கொள்ளுதல். பங்கு, ஏற்பு என்ற நம் இரண்டு சொற்களும் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. எங்கேஜ்மென்ட் பிரெஞ்சு வழி வந்தது. அதன் நடுவில் நிற்கும் ‘காஜ்’ என்பதற்குப் பிணை, அடகு என்று பொருள். வாக்குக் கொடுத்துத் தன்னைப் பிணைத்துக்கொள்வதால்தான் கல்யாண நிச்சயத்துக்கும் அதே சொல். வேடிக்கையாக, நாம் இதற்குப் போடும் ‘ஈடுபாடு’ என்பதிலும் ‘ஈடு’ இருக்கிறது. ‘வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கினான்’ என்கிறோமே, அதே எழுத்துகள். இது தற்செயல்தான், இதை வைத்து வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம்.

பொதுச் சுகாதாரத்தில் இந்தக் கருத்துக்கு உலக அளவில் இடம் கிடைத்தது 1978 செப்டம்பரில், அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா-அட்டா நகரில் நடந்த மாநாட்டில். தங்கள் மருத்துவ நலனைத் திட்டமிடுவதிலும் செயல்படுத்துவதிலும் தனியாகவும் கூட்டாகவும் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமை என்று அதன் பிரகடனத்தின் நாலாவது பிரிவு சொல்கிறது. ‘திட்டமிடுவதிலும்’ என்பதைக் கவனியுங்கள். பிற்பாடு வந்த பல திட்டங்களில் அந்தச் சொல் மட்டும் கழன்று, ‘செயல்படுத்துவதில்’ என்பது மட்டும் மிஞ்சியது.

அல்மா-அட்டாவுக்கு முன்பே இதைச் செய்து காட்டிய இடங்களில் ஒன்று மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட். 1970-இல் அங்கே போன மருத்துவத் தம்பதி ரஜனிகாந்த் ஆரோலேயும் மேபல் ஆரோலேயும், மக்கள் முதலில் கேட்டது மருந்தை அல்ல, தண்ணீரையும் சாப்பாட்டையும் என்பதைப் புரிந்துகொண்டு அங்கிருந்து தொடங்கினார்கள். ஊரே தேர்ந்தெடுத்த பெண்கள் அந்தந்த ஊரின் சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

சரி, எந்த அளவு கலந்துகொண்டால் அதைப் பங்கேற்பு எனலாம்? அமெரிக்காவின் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் இதை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். அவர் எழுதியது நகரத் திட்டமிடலைப் பற்றி. சுகாதாரத் துறைக்கும் அப்படியே ஒத்துவருகிறது. அடியில் இருக்கும் இரண்டு படிகளில் மக்கள் வெறுமனே ஆட்டிவைக்கப்படுகிறார்கள். நடுவில் உள்ள மூன்றில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், சமாதானத்துக்கு ஒன்றிரண்டு பேரைக் குழுவில் போடுவார்கள். முடிவு மட்டும் மாறாது. மேலே உள்ள மூன்றில்தான் அதிகாரம் கைமாறுகிறது. 1968-இல் பிரெஞ்சு மாணவர்கள் ஒட்டிய ஒரு சுவரொட்டியையும் அவர் அதில் எடுத்துக்காட்டினார். வினைச்சொல் வாய்ப்பாடு மாதிரி இருக்கும் அது: நான் பங்கேற்கிறேன், நீ பங்கேற்கிறாய், அவன் பங்கேற்கிறான், நாம் பங்கேற்கிறோம், நீங்கள் பங்கேற்கிறீர்கள், அவர்கள் லாபம் பார்க்கிறார்கள்.

ஏணியின் படிகளுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது என்பது என் எண்ணம். டெங்கு சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் வருகிறார். தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார், பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டை இழுத்துப் பார்க்கிறார், அபேட் மருந்தை ஊற்றுகிறார். கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டால் அது ஒத்துழைப்பு. தெருவில் நாலு பேர் சேர்ந்து காலி மனையில் கிடக்கும் டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் பொறுக்கி அப்புறப்படுத்தினால் அது பங்களிப்பு, உழைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் அதே தெருக்காரர்கள், “குழாயில் ஐந்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டால் குடத்திலும் அண்டாவிலும் பிடித்துத்தானே வைப்போம்? ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? தண்ணீர் விடும் முறையை மாற்றுங்கள்” என்று கேட்டு, அது கூட்டத்தில் விவாதிக்கப்பட்டு முடிவாகவும் ஆனால், அதுதான் பங்கேற்பு. நோட்டீஸில் முதலாவதைக் கேட்டுவிட்டு அறிக்கையில் மூன்றாவதை எழுதுவது நம் வழக்கம். பங்கு உள்ளவனுக்குத்தான் தமிழில் பங்காளி என்று பெயர். கணக்குக் கேட்கவும் சண்டை பிடிக்கவும் அவனுக்கு உரிமை உண்டு.

இந்த வேறுபாடு வெறும் சொல் சுத்தம் அல்ல என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் எபோலா சாட்சி. 2014-இல் கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் நோய் கட்டுக்கடங்காமல் பரவியது. இறந்தவரின் உடலில் கிருமி மிகுதி. உறவினர்கள் உடலைக் குளிப்பாட்டித் தொட்டு அழுது அடக்கம் செய்வது வழக்கம். அதனால் உடம்பெல்லாம் மூடிய உடுப்பில் ஆட்கள் வந்து, உடலைப் பையில் போட்டு எடுத்துப்போனார்கள். கிருமியியல்படி சரியான வேலைதான். லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் உடல்களை எரிக்கவே உத்தரவு வந்தது. பிணத்தை எரிக்கும் வழக்கம் அங்கே கிடையாது. விளைவு, குடும்பங்கள் நோயாளிகளை மறைத்தன, இரவோடு இரவாகப் புதைத்தன. கினியின் வோமே கிராமத்தில் விழிப்புணர்வுக்குப் போன குழுவில் 8 பேர் கொல்லப்பட்டார்கள்.

2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அடக்க நெறிமுறையைத் திருத்தியது. மானிடவியலாளர்களோடும் மதப் பெரியவர்களோடும் பேசி உருவாக்கியது அது. குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் அடக்கம் தொடங்கக் கூடாது. முஸ்லிம் என்றால் ‘தயம்மும்’ என்ற நீரில்லாத தூய்மைச் சடங்கு, வெள்ளைத் துணி. கிறிஸ்தவர் என்றால் ஜெபத்துக்கு நேரம். பெயரும் ‘பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்’ ஆயிற்று. எபோலாவைத் தணித்தது இது ஒன்று மட்டுமே அல்ல. ஆனால் மறைக்கப்பட்ட உடல்கள் வெளியே வராமல் மற்றது எதுவும் பலித்திருக்காது.

மறுபடி தமிழுக்கு வருவோம். ‘ஈடுபாடு’ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இன்றைய தமிழில் அது மனசு சார்ந்தது: இசையில் ஈடுபாடு, பக்தியில் ஈடுபாடு. ‘சமூக ஈடுபாடு உள்ளவர்’ என்றால் பொதுக் காரியத்தில் அக்கறை உள்ள ஒரு தனி ஆள்தான் நினைவுக்கு வருவார். ‘ஈடுபடுத்துதல்’ கொஞ்சம் நேர்மையான சொல்; செய்வது துறை, செய்யப்படுவது மக்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. அரசுத் தரப்பு எடுக்கும் முயற்சியைக் குறிக்க அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

‘சமூகம்’ என்பதில் வேறு சிக்கல். பேச்சில் “அவங்க எந்தச் சமூகம்?” என்றால் கேட்பது சாதியை. ‘சமூகத் தலைவர்களுடன் ஆலோசனை’ என்று எழுதினால் சாதிச் சங்கக் கூட்டம் என்று படிக்க வாய்ப்பு உண்டு. ‘மக்கள்’ என்பதில் அந்த வம்பு இல்லை. கிராமம் என்றால் ‘ஊரார்’ இன்னும் நன்று. குளம், வாய்க்காலை ஊரே கூடிப் பராமரித்ததற்குக் ‘குடிமராமத்து’ என்று பெயர். குடி தமிழ், மராமத்து அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. அதையும் 1858-இல் சென்னை மாகாணம் கட்டாய உழைப்புச் சட்டத்துக்குள் கொண்டுபோனது. ஊரின் ஏற்பாடு அரசின் ஏவலாகவும் ஆகிவிடலாம் என்பதற்கு உள்ளூர் உதாரணம்.

ஆக, பார்ட்டிசிபேஷனுக்கு ‘மக்கள் பங்கேற்பு’, எங்கேஜ்மென்ட்டுக்கு ‘மக்களை ஈடுபடுத்துதல்’, வெறும் உதவிக்கு ‘ஒத்துழைப்பு’ அல்லது ‘பங்களிப்பு’. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் கிராமந்தோறும் ஒரு சுகாதாரக் குழு அமைத்து, இன்னதுக்குத்தான் என்று கட்டுப்படுத்தாமல் ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை கொடுக்க வழி செய்தது. உங்கள் ஊர்க் குழு கூடியதா, அந்தப் பணம் எதற்குப் போயிற்று என்று கிராமசபையில் கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலை வைத்து அங்கே எந்தச் சொல்லைப் போடலாம் என்று முடிவு செய்துகொள்ளலாம்.