ஜொன்க்வான்யேஉ: ரிட்டயர் ஆன கொரிய ஜட்ஜுக்கு கோர்ட்ல கெடைக்கிற 'மரியாதை'

தென்கொரியா கோர்ட் நியூஸ் படிக்கிறவங்க இந்த வார்த்தைய தாண்டாம போக முடியாது. பிரிச்சா நாலு சீன எழுத்து: 'ஜொன்' முந்தின, 'க்வான்' அதிகாரி, 'யே' மரியாதை, 'உ' நடத்துறது. பதவிய விட்டவர மரியாதையா நடத்துறது, அவ்ளோதான், கேக்க நல்லாத்தான் இருக்கு.

போருக்கு முந்தின ஜப்பான்ல இதே நாலு எழுத்துக்கு 'ஸென்கான் ரேகூ'ன்னு பேரு, பிரதமரா மந்திரியா இருந்தவங்க பதவி விட்டப்புறமும் அவங்களுக்கு பழைய அந்தஸ்த குடுக்குறது, அங்க அது ஒரு கௌரவம். கொரியால இன்னிக்கு அதுவே திட்டு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா ஜட்ஜோ அரசு வக்கீலோ ரிட்டயர் ஆகி வக்கீல் ஆபீஸ் திறந்தா, நேத்து வரைக்கும் அவருக்கு கீழ வேல பாத்தவங்கதான் இன்னிக்கு பெஞ்ச்ல உக்காந்திருக்காங்க, அந்த தாட்சண்யத்துக்குத்தான் கட்சிக்காரங்க காச கொட்றாங்க.

மேல போகப் போக ரேட்டும் ஏறும். சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுக்கு 'தேபொப்க்வான்'னு பேரு, தலைமை நீதிபதியோட சேத்து 14 பேர், பதவிக்காலம் 6 வருஷம். அந்த போஸ்ட்ல இருந்து வந்தவர் அப்பீல் மனுல முத்திரை குத்துனாலே ஒரு ஃபீஸ், அதுக்கு 'தோஜாங்காப்'னு தனி வார்த்தையே இருக்கு, முத்திரை விலை! 2014ல ஆன் தே-ஹீன்னு ஒரு முன்னாள் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ பிரதமர் பதவிக்கு அறிவிச்சாங்க, அவர் வக்கீலா 5 மாசத்துல சுமார் 160 கோடி வொன் சம்பாதிச்சது வெளிய வந்துச்சு, கொஞ்ச நாள்லயே விலகிட்டார். 2011லயே சட்டத்த திருத்தி, கடைசியா வேல பாத்த கோர்ட் கேஸ ஒரு வருஷம் தொடக்கூடாதுன்னு வச்சிருந்தாங்க, ஆனா பேர் போடாம பின்னாடி இருந்து பேசுறவங்கள என்ன பண்றது?

எல்லாரும் அப்படின்னு சொல்லிட முடியாது. 2004ல முதல் பெண் தேபொப்க்வான் ஆன கிம் யங்-ரான் 2010ல வெளிய வந்தப்புறம் வக்கீல் ஆபீஸ் பக்கமே போகாம காலேஜ்ல பாடம் எடுக்கப் போனாங்க, அப்புறம் ஊழல் தடுப்பு ஆணையத் தலைவரா இருந்தப்போ அவங்க கொண்டுவந்த யோசனைதான் 2016ல அமலுக்கு வந்த 'கிம் யங்-ரான் சட்டம்'. அதிகாரிக்கு சாப்பாடு வாங்கித் தர்றதுன்னா 30,000 வொன்னுக்கு மேல போகக்கூடாதுன்னு அப்போ லிமிட், உடனே ஹோட்டல்காரங்க 29,900 வொன்னுக்கு 'யங்-ரான் செட்'னு மெனு போட்டாங்க பாருங்க, அதான் பொழப்பு.

தமிழ்ல என்ன சொல்றது? நம்மகிட்ட ரெடியா வார்த்தை இல்ல, இந்தியால சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா இருந்தவர் அப்புறம் எந்த கோர்ட்லயும் வாதாடக் கூடாதுன்னு அரசியல் சட்டமே சொல்லிடுச்சு. 'முன்பதவிச் சலுகை'ங்கிறது எனக்கு சரியா படுது, சலுகைங்கிறதுல அந்த உள்குத்தும் வந்துடும். 'ஓய்வுபெற்ற நீதிபதிகளுக்கான மரியாதை'ன்னு மட்டும் எழுதிடாதீங்க, படிக்கிறவங்க பென்ஷன் மேட்டர்னு நெனச்சுக்குவாங்க.