கிரில் கதவுக்கு உள்ளே எத்தனை பேர்?

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் நாங்கள் குடியிருக்கும் பிளாட்டுக்கு ஐந்து மாடி, லிஃப்ட் இல்லை. மாடிக்கு நான்கு வீடாக இருபது குடும்பங்கள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். படிக்கட்டின் அடியில் ஓர் இரும்புக் கிரில் கதவு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, குடும்பத்துக்கு ஒருவர்தான் சாமான் வாங்க வெளியே போகலாம் என்றார்கள். இரண்டாவது வாரத்தில் எங்கள் படிக்கட்டு அதைவிடக் கறாராகிவிட்டது. முதல் மாடி அண்ணனும் நான்காம் மாடிப் பையனும் மட்டும் போவார்கள். எல்லார் வீட்டுப் பட்டியலும் அவர்கள் கையில். அரிசி, முட்டை, குழந்தைகளுக்குப் பால்மாவு, பாட்டிகளின் பிரஷர் மாத்திரை எல்லாம் கிரிலுக்கு இந்தப் பக்கம் ஒரு மேசையில் வந்து இறங்கும். வெங்காயத்தைக்கூட சோப்புத் தண்ணீரில் கழுவிய நாட்கள் அவை.

அப்போது என் அண்ணன் மகன் கேட்டான்: "அத்தை, இது கொரோனா இல்லாம ஜோம்பியா இருந்தா, நம்ம கேட்டு தாங்குமா?"

பிள்ளை விளையாட்டாகக் கேட்கிறான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், நோய் பரவுவதைக் கணக்குப் போடுகிறவர்கள் நாளெல்லாம் கேட்கும் கேள்வியே அதுதான். ஒரு கதவு எதைத் தடுக்கும்? அதற்கு உள்ளே எத்தனை பேர் சேர்ந்திருந்தால் பிழைப்பார்கள்?

முதலில், அப்படி ஒரு நோய் சாத்தியமா? ஆளைக் கடித்துத் தன்னைப் போலவே ஆக்கிவிடும் சினிமா நடைபிணம்தான் ஜோம்பி. அதன் அடையாளங்கள் பெரும்பாலும் பொருந்திவரும் நோய் ஒன்று நம்மிடையே இருக்கவே இருக்கிறது. ரேபிஸ், நாம் வெறிநாய்க்கடி என்போமே, அது. கடித்த இடத்தில் எச்சிலோடு இறங்கும் வைரஸ் சில நாள் தசையில் தங்குகிறது. பிறகு ஒரு நரம்பு முனையைப் பிடித்துக்கொண்டு, நரம்புக்குள்ளேயே மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. ரத்தத்தில் மிதந்து போகாததால் உடலின் காவல் அணுக்களின் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. இந்தப் பயணத்துக்குப் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம் பிடிக்கும். மூளையைப் பிடித்த பிறகு அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்கிவருகிறது. அதே சமயம் விழுங்கும் தசைகள் இழுத்துக்கொள்கின்றன. தண்ணீர்க் குவளையைக் கண்டாலே தொண்டை இறுகும். எச்சிலை விழுங்க முடியாமல் வாயிலேயே தேங்கும். கூடவே ஆத்திரமும் குழப்பமும். எச்சிலில் வைரஸ், வாய் நிறைய எச்சில், மனதில் வெறி மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவருகின்றன. அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் இந்த நோய் தலைகாட்டியது. ஆனாலும் ஊர் அழியவில்லை, அழியவும் செய்யாது. மனிதரிடமிருந்து மனிதருக்கு ரேபிஸ் பரவுவது அரிதிலும் அரிது. நாய்களுக்குள்ளும் நோய்ப்பட்ட ஒரு நாய் சராசரியாக இரண்டு நாய்களுக்குக்கூட அதைக் கொடுப்பதில்லை. அதனால்தான் நூற்றுக்கு 70 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டாலே அந்த வட்டாரத்தில் நோய் அணைந்துவிடுகிறது. கடிபட்ட மனிதருக்கும் வழி இருக்கிறது: காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, தாமதிக்காமல் ஊசி போட்டுக்கொண்டால் வைரஸ் மூளையைச் சேர்வதற்குள் உடல் தயாராகிவிடும்.

கதையில் வரும் ஜோம்பி நோய் இதன் வேகமான அண்ணன். கடித்தால் சில நிமிடத்திலோ சில மணியிலோ ஆள் மாறிவிடுவார். கேட்கவே பயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் நோய்க் கணக்கு இங்கே நாம் நினைப்பதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஒரு நோய் எவ்வளவு பரவும் என்பது மூன்று விஷயங்களின் பெருக்கல்: நோயாளி ஒரு நாளில் எத்தனை பேரைச் சந்திக்கிறார், ஒவ்வொரு சந்திப்பிலும் தொற்றும் வாய்ப்பு என்ன, எத்தனை நாள் அவர் பரப்பும் நிலையில் இருக்கிறார். கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்ற இருவர் 1927-இல் எழுதிய சமன்பாடுகளின் சாரம் இது. பெருக்கி வரும் எண் ஒன்றுக்குக் கீழே போனால் நோய் தானாக அடங்கும். மின்னல் வேகத்தில் ஆளை மாற்றும் நோயில் முதல் எண் விழுந்துவிடுகிறது, ஏனென்றால் ஜோம்பியைப் பார்த்ததும் எல்லாரும் ஓடிவிடுவார்கள். 2003-இல் வந்த சார்ஸ், ஆள் காய்ச்சலில் படுத்த பிறகுதான் அதிகம் பரவியது; உலகம் முழுக்க ஏறக்குறைய 8,000 பேரோடு அதைக் கட்டிப்போட முடிந்தது. கொரோனா அறிகுறிக்கு முன்பே பரவியது. அதன் விளைவு நமக்குத் தெரியும். ஆகவே கேட்டுக்கு வெளியே உறுமிக்கொண்டு நிற்பவரைவிட, கடிபட்டதை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே நிற்பவர்தான் ஆபத்தானவர். இதற்குத் திரும்ப வருகிறேன்.

கனடாவின் ஒட்டாவாவில் கணிதக்காரர்கள் சிலர் 2009-இல் ஜோம்பி நோய்க்கே ஒரு கணக்குப் போட்டார்கள். உடனே, அடிக்கடி, பலமாகத் தாக்கினால்தான் மனிதகுலம் மிஞ்சும். தனிமைப்படுத்தல் அழிவைத் தள்ளிப்போடும், அவ்வளவே என்று அதில் விடை வந்தது. ஆனால் அந்த மாதிரிக் கணக்கில் ஊரே ஒரு குழம்புச் சட்டி. எல்லாரும் எல்லாரோடும் கலக்கிறார்கள். நிஜத்தில் மனிதர்கள் அப்படிக் கலப்பதில்லை. படிக்கட்டு, தெரு, தாமான் (குடியிருப்புப் பகுதி) என்று சின்னச் சின்னக் கொத்துகளாக இருக்கிறோம். அந்தக் கொத்துகளைத் தெரிந்தே இறுக்கினால் கணக்கு மாறுகிறது.

இதைக் கணினி இல்லாத காலத்தில் செய்து காட்டியவர் எங்கள் ஊர்க்காரர். டாக்டர் வூ லியன் தே, 1879-இல் பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜ் போனவர். 1910 டிசம்பரில், முப்பத்தொரு வயதில், சீனாவின் வடகிழக்கில் உள்ள ஹார்பின் நகரத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே பரவியது நுரையீரல் பிளேக். தொற்றியவர்களில் ஏறக்குறைய எல்லாரும் செத்தார்கள். எலிதான் காரணம் என்று எல்லாரும் நம்பிய நேரத்தில், இது மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று அவர் சொன்னார். கட்டுத்துணி அடுக்குகளுக்கு நடுவே பஞ்சு வைத்து முகக்கவசம் செய்து எல்லாரையும் போடச் சொன்னார். அதை ஏற்காமல் வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்க்கப் போன ஒரு பிரெஞ்சு மருத்துவர் சில நாளில் அதே நோயில் இறந்தார்.

முகக்கவசத்தை இன்று எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். என்னை அதிகம் கவர்ந்தது அவர் ஊரைப் பிரித்த விதம். நகரத்தின் சீனக் குடியிருப்புப் பகுதியை நான்கு வட்டாரமாக்கினார். வட்டாரத்துக்கு ஒரு நிறம். அந்த நிறத்தில் கைப்பட்டை அணிந்து உள்ளே நடமாடலாம், அனுமதி இல்லாமல் பக்கத்து வட்டாரத்துக்குள் போக முடியாது. நோயாளிகளோடு பழகியவர்களை ரயில் பெட்டிகளில் தங்கவைத்துத் தினமும் காய்ச்சல் பார்த்தார்கள். ஒரு பெரிய குழம்புச் சட்டி நான்கு சின்னக் கிண்ணங்களானது. அந்த வடகிழக்குப் பகுதி முழுவதிலுமாகச் சுமார் 60,000 உயிர்களைக் குடித்த அந்தக் கொள்ளைநோய் சில மாதங்களில் அடங்கியது.

சரி, எங்கள் படிக்கட்டுக்கு வருவோம். இருபது குடும்பமும் மூன்று நாளைக்கு ஒருமுறை தனித்தனியாகப் பசாருக்குப் போனால் ஒரு மாதத்தில் 200 பயணம். ஒரு பயணத்தில் கடிபடும் வாய்ப்பு நூறில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம் (இந்த எண் நானாக எடுத்துக்கொண்டது). அப்போது மாதம் முடிவதற்குள் படிக்கட்டில் ஒருவருக்காவது கடி விழும் வாய்ப்பு நூற்றுக்கு 87. அண்ணனும் பையனும் மட்டும் அதே பத்து முறை போய்வந்தால் ஆள்கணக்கில் 20 பயணம். வாய்ப்பு நூற்றுக்கு 18. சுவரை உயர்த்தவில்லை, ஆயுதம் வாங்கவில்லை. இருபது குடும்பம் ஒருவரை ஒருவர் நம்பியதாலேயே இந்த வித்தியாசம். ஒரே வீட்டுக்காரராகத் தனித்து ஒளிந்திருப்பவருக்கு இந்தச் சலுகை கிடைக்காது. அவர் தன் பயணம் எல்லாவற்றையும் தானே போயாக வேண்டும்.

அந்த இருவரில் ஒருவர் கடிபட்டு வந்தால்? இங்கேதான் கூட்டு உடையும் அல்லது நிலைக்கும். உண்மையைச் சொன்னால் வெளியே தள்ளிவிடுவார்கள் என்று தெரிந்தால் யார் சொல்வார்கள்? மலாயாவில் தொழுநோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்துவைத்த காலத்தில் நடந்தது அதுதான். 1930-இல் கோலாலம்பூர் பக்கத்தில் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. குடும்பத்தைவிட்டுப் போக வேண்டுமே என்ற பயத்தில் நோயை மறைத்தவர்கள் உண்டு. மறைக்கப்பட்ட நோய் வீட்டுக்குள்ளேயே பரவும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் நாம் கண்ணால் பார்த்ததுதான். 2021 ஜூன் கடைசியில், வேலை இல்லாமல் சோற்றுக்குக் கஷ்டப்படுகிறவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம் என்ற இயக்கம் மலேசியா முழுவதும் பரவியது. கொடி கட்டிய வீட்டுக்கு முன்பின் தெரியாதவர்கள் அரிசி மூட்டையோடு வந்தார்கள். எங்கள் படிக்கட்டில் இரண்டாம் மாடியில் ஒரு வீட்டு ஜன்னலில் தலையணை உறை ஒன்று தொங்கியது. ஒரு வருடத்துக்கு மேலாகப் பட்டியல் வாங்கிப் போன எங்களுக்கே அந்த வீட்டில் பட்டியல் சுருங்கிக்கொண்டு வந்தது உறைக்கவில்லை. கொடியைப் பார்த்த பிறகுதான் பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தோம். கோழி நின்றிருந்தது, அப்புறம் முட்டை, அப்புறம் மைலோ.

சொன்னால் உதவி வரும் என்று தெரிந்தால் மனிதர்கள் சொல்வார்கள். ஜோம்பி நோய்க்கும் இதே விதிதான் வேண்டும். கடிபட்டேன் என்று சொல்பவருக்குத் தனி அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு, கதவுக்கு இந்தப் பக்கம் பேச்சுத்துணைக்கு ஓர் ஆள், இது முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்த உறுதியாக இருக்க வேண்டும். கதவுக்குப் பூட்டு உண்டு, அதில் தயவு பார்க்க முடியாது. ஆனால் பூட்டுக்கு உள்ளே போகத் தானாக முன்வருகிற ஆள்தான் மற்ற எழுபது எண்பது பேரைக் காப்பாற்றுகிறார்.

பேரிடர் வந்தால் மனிதர்கள் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடுவார்கள் என்ற படம் நம் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. 1963-இல் அமெரிக்காவின் ஓஹாயோவில் பேரிடர் ஆய்வு மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான என்ரிக்கோ குவாரண்டெல்லி பல பத்தாண்டுகள் வெள்ளம், நிலநடுக்கம், தீ என்று ஆராய்ந்து சொன்னது வேறு. கண்மூடித்தனமான பீதி அபூர்வம். பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் கை கொடுக்கிறார். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி பினாங்கில் 52 உயிர்களைக் கொண்டுபோனது. அன்று கடலோரத்தில் இருந்தவர்களிடம் கேட்டால், முதலில் கையை நீட்டியது யார் என்று இன்றும் சொல்வார்கள்.

அண்ணன் மகனின் அடுத்த யோசனை, பாலத்தை அடைத்துவிடலாம் என்பது. தீவுதானே? 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் ஒன்று, 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலம் ஒன்று. இரண்டையும் மூடி, ஃபெரியை நிறுத்தினால் போதும் என்றான். குழாயைத் திறந்து காட்டினேன். பினாங்கின் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. கெடா எல்லையில் ஓடும் அந்த ஆற்றின் தண்ணீர் பெருநிலத்தில் சுத்தமாகி, கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்குள் நுழைகிறது. அங்கே பம்ப்பைப் பார்க்கும் ஆட்களுக்குச் சோறு இல்லை என்றால் ஆயர் ஈத்தாமில் குழாய் காற்றுத்தான் விடும். நம் அரிசியும் அந்தப் பக்கத்தில்தான் விளைகிறது. ஒரு கொத்து மட்டும் பிழைக்க முடியாது. கொத்துகளுக்கு நடுவே பொருள் போய்வர வேண்டும், மூச்சும் எச்சிலும் போய்வரக் கூடாது. கிரில் பக்கத்தில் நாங்கள் போட்ட மேசை செய்த வேலை அதுதான். ஒருவர் வைத்துவிட்டு விலகுவார், மற்றவர் வந்து எடுப்பார்.

கடைசியாகத் தூக்கம். தனி ஆளை வீழ்த்துவது பசியைவிடத் தூக்கம்தான். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், தான்சானியாவில் வேட்டையாடியும் காய்கனி சேகரித்தும் வாழும் ஹட்ஸா மக்களில் 33 பெரியவர்களின் தூக்கத்தை 20 நாள் கவனித்தார்கள். யாரும் காவல் முறை போட்டுக்கொள்வதில்லை. ஆனாலும் அத்தனை நாளிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்கியது மொத்தமாகவே 18 நிமிடம். வயதானவர்கள் சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுந்தார்கள், இளையவர்கள் நேரம் கழித்துப் படுத்தார்கள். எந்த வேளையிலும் யாரோ ஒருவர் விழித்திருந்தார். முதுமையில் தூக்கம் கலைவது கோளாறாக இல்லாமல், கூட்டத்தைக் காக்கப் பழங்காலத்திலிருந்து வந்த ஏற்பாடாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதைப் படித்த இரவில் நானும் அவனும் எங்கள் படிக்கட்டுக்கு ஒரு காவல் அட்டவணை எழுதினோம். இரவு பத்திலிருந்து ஒன்று வரை அவனும் அவன் கூட்டாளிகளும், எப்படியும் தூங்காதவர்கள். ஒன்றிலிருந்து மூன்று வரை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் பார்த்துப் பழகிய ஐந்தாம் மாடி அக்கா. மூன்றிலிருந்து ஆறு வரை எங்கள் பாட்டி. அந்நேரத்துக்கு அவர் விழித்து விளக்கேற்றுவது ஊருக்கே தெரியும்.

அட்டவணையைப் படித்துக் காட்டினோம். பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, உக்காந்துக்கிறேன். ஆனா மூணு மணிக்கு எனக்குத் தேத்தண்ணி யாரு போடுறது?" என்றார்.

ஒன்றிலிருந்து மூன்று வரை என்ற வரிக்குப் பக்கத்தில், "பிளாஸ்க்கில் தேத்தண்ணி, சீனி வேண்டாம்" என்று அவன் எழுதிக்கொண்டான்.