எக்குமெனிக்கல்: வீட்டிலிருந்து வந்த சொல்

ஒரு ஜனவரியில் கோவையில் எங்கள் தெருவுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. ‘எக்குமெனிக்கல் ஜெபக் கூட்டம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். கத்தோலிக்கரான பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். முதல் சொல்லுக்குப் பொருள் கேட்பார் என்று காத்திருந்தேன். அவரோ, “நாங்கள் செபம் என்றல்லவா எழுதுவோம்?” என்றார். அவருடைய கண் ஓர் எழுத்தில் நின்றுவிட்டது.

முதல் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘ஒய்கோஸ்’ என்றால் வீடு. அதிலிருந்து ‘குடியிருத்தல்’ என்னும் வினையும், அதன் வழியே ‘ஒய்க்குமெனே’யும் பிறந்தன. மக்கள் குடியிருக்கும் நிலம், அதாவது உலகம். (எகனாமியும் எகாலஜியும் இதே வீட்டுப் பிள்ளைகள்தாம்.) லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் முதல் வசனத்தில் இந்தச் சொல் வருகிறது. பழைய தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் ‘உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டும்’ என்கிறது. அங்கே ‘குடி’ வந்தது மக்கள்தொகைக் கணக்கின் பொருட்டுத்தான். ஆனாலும் மூலச்சொல்லின் வீட்டுவாசனை தமிழிலும் தற்செயலாக ஒட்டிக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி.

325இல் நைசியா நகரில் திருச்சபைத் தலைவர்களான ஆயர்கள் கூடியதை ‘எக்குமெனிக்கல்’ சங்கம் என்றபோது அதன் பொருள் ‘உலகத்துக்கெல்லாம் பொதுவான’ என்பதே. கத்தோலிக்கத் தமிழில் ‘பொதுச்சங்கம்’ என்கிறோமே, அந்தப் பொது. பிரிந்த சபைகள் நெருங்கிவருதல் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது. 1910 எடின்பரோ மாநாடு, 1948இல் ஆம்ஸ்டர்டாமில் தோன்றிய உலகத் திருச்சபைகள் மன்றம், 1964 நவம்பர் 21இல் கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைப் பற்றி வெளியிட்ட ஆணை ஆகியவை அதன் மைல்கற்கள்.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையாருக்குப் பழகியது ‘ஐக்கியம்’. ஆனால் வேதாகமத்தில் அது பெரும்பாலும் ஒருவரோடொருவர் கொள்ளும் உறவைக் குறிக்கிறது. சபையில் வாராந்தரக் கூட்டத்துக்கும் அதே பெயர். மேடைகளுக்குப் பிடித்தது ‘ஒற்றுமை’. அது பண்புப்பெயர், ஏற்கெனவே அமைந்துவிட்ட நிலையைச் சொல்வது. கத்தோலிக்கர் ஆளும் ‘ஒன்றிப்பு’ தொழிற்பெயர். ஒன்றுவது என்பது ஒரு வேலை. இன்னும் நடந்துகொண்டிருக்கிற வேலை. என் வாக்கு ‘ஒன்றிப்பு’க்கே. ஜனவரி 18 முதல் 25 வரை வரும் வாரத்தைக் ‘கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம்’ என்பதே பொருத்தம்.

ஒன்றிப்பை இணைப்போடு குழப்பக் கூடாது. கொங்கு நாட்டில் இரண்டும் உண்டு. கோவையிலும் ஈரோட்டிலும் லண்டன் மிஷன் சபைகள். தாராபுரம் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்டுகள். கோவை ஆல் சோல்ஸ் ஆலயம் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது. மூன்றும் சீர்திருத்த சபைகளே. லண்டன் மிஷன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. அதுவும் மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கரும் கூடி 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆயின. பழைய பெயர்களை விட்டுவிட்டு ஒரே அமைப்பானது இணைப்பு. ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயிலும் சி.எஸ்.ஐ. சபையும் அப்படி ஆகவில்லை. ஒரு பக்கத்து நற்கருணையில் (அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில்) மறுபக்கத்தார் பொதுவாகப் பங்குபெற முடியாது என்பது இன்றும் உறுத்தும் உண்மை. அந்த உறுத்தலோடு ஒரே அறையில் உட்காருவதற்குப் பெயர்தான் ஒன்றிப்பு.

அழைப்பிதழ்க் கூட்டத்துக்குப் பெரியவரும் நானும் போனோம். எல்லோரும் எழுந்து கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொன்னார்கள். ஒரு பாதி ‘பரமண்டலங்களிலிருக்கிற’ என்று தொடங்கியது, மறு பாதி ‘விண்ணுலகில் இருக்கிற’ என்றது. ஒருவர் ‘நாமம்’ என்றபோது இன்னொருவர் ‘பெயர்’ என்றார். நடுவில் இரைச்சல்தான். கத்தோலிக்கர் தீமையிலிருந்து விடுவிக்கும்படி கேட்டு ‘ஆமென்’ சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கு ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் பாக்கியிருந்தன. முடித்தவர்கள் உட்காரவில்லை. கைகளைக் குவித்தபடியே, அடுத்தவர் முடிக்கும்வரை நின்றார்கள்.

பிறகு தேநீர். மாதாவிடம் பரிந்துரை கேட்பது பற்றிப் பெரியவர் நீளமாகச் சொன்னார். எதிரில் இருந்த சி.எஸ்.ஐ. அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அதில் எனக்குச் சம்மதம் இல்லைங்க” என்றார். மறுப்பிலும் ‘ங்க’ வைக்கத் தெரிந்த ஊர் இது. அகராதிக்காரர்கள் எக்குமெனிக்கல் என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் தேடினால் இதைத் தரலாம். பெரியவர், “இல்லாவிட்டால் போகட்டும்ங்க, முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்” என்று தட்டை நகர்த்தினார்; அடுத்த வாதத்துக்கும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.